போர்டு வரதுக்கு முந்தி எர்த்தைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நாங்குநேரி பக்கம் ஒரு கிராமத்துல வயரிங் வேலை பாக்கேன், 22 வருசமா இதான் தொழில். எம்மவ ஊர்ப் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்பு படிக்கா, பள்ளி மேலாண்மைக் குழுவுல பெத்தவங்க சார்பா நானும் ஒரு ஆளு. ஸ்மார்ட் போர்டு, டேப்லெட்டுன்னு பள்ளிக்கூடத்துக்கு வந்துக்கிட்டே இருக்கு, அதைப் பத்தி உங்க பேப்பருக்கு எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு.

மொதல்ல நல்லதைச் சொல்லிருதேன். போர்டு வந்த புதுசுல டீச்சர் மேப்பைப் பெருசாக்கி, பொதிகை மலைல இருந்து புன்னக்காயல்ல கடல்ல சேருத வரைக்கும் தாமிரபரணியை அப்படியே காட்டிட்டு, நம்ம ஊரு எங்க இருக்கு கண்டுபிடிங்கன்னு சொல்லிருக்காங்க, புள்ளைங்க பூரா எந்திரிச்சுப் போயி ஊர்க் குளத்தைத் தேடித் தொட்டுருக்கு. அன்னைக்கு ராத்திரி சாப்பிட உக்காந்த எம்மவ அதையேதான் பேசுனா. இதெல்லாம் எதுக்குன்னு கேக்குத ஆளு நான் இல்ல.

அவதான் பத்து நாள் கழிச்சு, "எப்பா, போர்டைத் தொட்டா சுருக்குங்குது, நான் இனிமே போமாட்டேன்"ன்னா. மறுநாள் மீட்டரை எடுத்துட்டுப் போனேன். போர்டோட சட்டத்துல வச்சுப் பாத்தா 100 வோல்ட்டுக்கு மேல காட்டுது. ப்ளக் பாயிண்ட்டைக் கழத்துனா, மூணாவது பின்னுல இருந்து எர்த்துக்குப் போவ வேண்டிய பச்சை வயரு வருது, ஒரு சாண் நீளத்துக்கு வந்து பெட்டிக்குள்ளயே வெட்டுண்டு தொங்குது. பள்ளிக்கூடத்தைச் சுத்தி வந்து பாத்தேன், கசியுத கரண்டை மண்ணுக்குள்ள எறக்குத எர்த் குழியே கெடையாது. இந்த மாதிரி மெஷினுக்குள்ள கரண்டுல வர்ற எரைச்சலை வடிகட்ட ஃபில்டர் கப்பாசிட்டர்னு ஒரு சின்னப் பாகம் இருக்கும், எர்த் இல்லன்னா கொஞ்சூண்டு கரண்டு சட்டத்துல வந்து நிக்கத்தான் செய்யும், அது ஆளை அடிச்சுப் போடாது, ஆனா நாளைக்கு உள்ள ஒரு வயரு தோலு உரிஞ்சு பாடில பட்டுச்சுன்னா முழு 230 வோல்ட்டும் அதே சட்டத்துக்குத்தான் வரும், தொடுதது ஒன்பது வயசுப் புள்ளைங்க.

மாட்ட வந்த பையன்களைக் கொறை சொல்லமாட்டேன், மாட்டி போட்டோ எடுத்துட்டு அடுத்த ஊருக்கு ஓடணும் அவங்களுக்கு. போர்டுப் பெட்டி கெளம்புததுக்கு முந்தியே ஒரு வயர்மேன் வந்து எர்த் இருக்கா, லோடு தாங்குமா, வோல்டேஜ் எப்படி வருதுன்னு பாத்து எழுதிட்டுப் போயிருக்கணும். தொடக்கப் பள்ளிகள்ல மட்டும் 22 ஆயிரத்துக்கும் மேல ஸ்மார்ட் வகுப்பறை வந்துருக்கு, அவ்வளவு பெரிய திட்டத்துல இந்த அரை நாள் வேலைக்கு எடம் இல்லாமப் போனது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

2011ல லேப்டாப் குடுத்தப்ப புள்ளைங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போச்சு, மழை வந்தா பரண்ல ஏத்திக்கிடலாம். போர்டு செவுத்துல இருக்கு, கட்டடம் எப்படியோ அதுவும் அப்படித்தான். 2023 டிசம்பர்ல காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டர் மழை பேஞ்சு நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி ரெண்டு மாவட்டமும் கெடந்த கெடை யாருக்கும் மறந்துருக்காது. அதைப் பாத்த பெறகும் கீழ் ரூம்ல முழங்கால் ஒசரத்துல ப்ளக் பாயிண்ட் வச்சா என்ன சொல்ல?

பேட்டரி கதையும் இதேதான். கரண்டு போனா கை குடுக்குத யூபிஎஸ் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தணும், யார் ஊத்த, எந்தக் காசுல வாங்கன்னு யாருக்கும் தெரியல, தட்டு காஞ்சு ரெண்டு வருசத்துக்குள்ள செத்துப்போச்சு. ஏற்கெனவே அட்டெண்டன்ஸுல இருந்து எல்லாத்தையும் ஆப்புல ஏத்திட்டு இருக்குத டீச்சர் தலைல இதையும் கட்டக்கூடாது.

2009 கல்வி உரிமைச் சட்டத்துல பள்ளி வளர்ச்சித் திட்டத்தை மேலாண்மைக் குழுதான் தயாரிக்கணும்னு இருக்கு, அந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க. ஊருக்கு ஊரு கொத்தனாரு, வயர்மேன், மோட்டார் மெக்கானிக் எல்லாம் அதுக்குள்ள இருக்கோம். போர்டு வருததுக்கு ஒரு மாசம் முந்தி எங்களைக் கேட்டா போதும், எந்தச் செவுரு ஒழுகும், எந்த நேரம் பம்ப்செட் ஓடி வோல்டேஜ் எறங்கும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவோம்.

எங்க பள்ளிக்கூடத்துல நாங்களே குழி வெட்டி கரியும் உப்பும் போட்டு எர்த் எறக்கிட்டோம். எங்க மண்ணு காஞ்ச மண்ணு, கோடைல தண்ணி ஊத்தலன்னா எர்த் நிக்காது, அதனால வாரம் ஒரு கொடம் ஊத்துத பொறுப்பை சத்துணவு அக்கா எடுத்துருக்காங்க. எம்மவ இப்ப போர்டைத் தொடுதா. பக்கத்துல எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது போர்டு சுருக்குங்குதுன்னு புள்ளைங்க சொன்னா சொல்லி விடுங்க, மீட்டரோட வாரேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு எலக்ட்ரீஷியன்,
நாங்குநேரி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்