தூக்கம் வரலன்னா சொல்லிடு தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுறேன். போன்ல பேசினா பாதியில அம்மா வாங்கிடுவா, இல்லன்னா பாப்பா குறுக்க வந்து தாத்தா தாத்தான்னு கத்தும், நீயும் சரிப்பா சரிப்பான்னு சொல்லிட்டு வெச்சிடுவ, அதான் மெயில்ல அடிக்கிறேன், மூணு நாளா கொஞ்சம் கொஞ்சமா அடிச்சது, நேரம் கிடைக்கும்போது பொறுமையா படி.

போன வாரம் கேட்டல்ல, ஏர்போர்ஸ்ல ஷார்ட் சர்வீஸ் 14 வருஷம் முடிய இன்னும் ரெண்டு வருஷம் தான் இருக்கு, தொடர்ந்து இருக்க பர்மனன்ட் கமிஷனுக்கு எழுதிக் கொடுக்கவா இல்ல வெளிய வந்து ஏர்லைன்ஸ் போகவான்னு. அம்மா பதில் ரெடியா வெச்சிருக்கா, உனக்கே தெரியும். உன் பேட்ச் பசங்க வெளிய வந்து சம்பளம் எவ்ளோ வாங்குறாங்க, யாரு எங்க வீடு வாங்குனாங்க எல்லாம் அவளுக்கு அத்துப்படி, 14 வருஷத்துக்கு பென்ஷனும் கிடையாதேன்னு தினமும் ஒரு தடவ சொல்றா. அவ சொல்றதுல தப்பில்ல. அந்த 2016 ஜூலைக்கு அப்புறம் அவ பழைய ஆளா இல்ல.

அந்த நாளைப் பத்தி நாம உக்காந்து பேசினதே இல்ல. 22ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. நீ அப்போ அஸ்ஸாம்ல ஜோர்ஹாட்ல ஏஎன்-32 சரக்கு விமானம் ஓட்டிட்டு இருந்த. நான் நைட் ட்யூட்டி ரயில் ஓட்டி முடிச்சு வந்து படுத்துட்டேன். மத்தியானம் பக்கத்து வீட்டுல டிவி சத்தம், தாம்பரத்துல இருந்து காலையில எட்டரைக்கு போர்ட் பிளேர் கிளம்பின ஏஎன்-32 காணோம், உள்ள 29 பேருன்னு. அம்மாவுக்கு ஏஎன்-32ன்ற பேரு மட்டும் தான் காதுல விழுந்துது, நீ அஸ்ஸாம்ல இருக்க, அது தாம்பரத்து விமானம்னு நான் எவ்வளவோ சொல்றேன், அவ தரையில உக்காந்துட்டா. உன் போன் வர்ற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. நீ நல்லா இருக்கன்னு தெரிஞ்சதும் சந்தோஷப்பட்டோமா? முடியல தம்பி. ஏர்போர்ஸ் ஸ்டேஷன் காம்பவுண்டு நம்ம தெருவுல இருந்து எவ்ளோ தூரம், காய்கறி வாங்குற இடத்துல பாக்குற முகங்க, அதுல யாரு வீட்டு ஆளுன்னு தெரியாம ரெண்டு மாசம் நாங்க யாரையும் நிமிர்ந்து பாக்கல.

கப்பல், விமானம், சாட்டிலைட்டு எல்லாம் வெச்சு தேடினாங்க, ஒரு துண்டு கூட கிடைக்கல. ஏழரை வருஷம் கழிச்சு 2024 ஜனவரில தான், நம்ம பள்ளிக்கரணையில இருக்குற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோட ஆளில்லா நீர்மூழ்கி கடலுக்கு அடியில 3400 மீட்டர்ல படம் எடுத்துட்டு வந்துது, சென்னைக் கரையில இருந்து 310 கிலோமீட்டர் தள்ளி. பேப்பர்ல பாத்துட்டு அம்மா விளக்கு ஏத்தி வெச்சா. எதுக்குன்னு நான் கேக்கல. நடுவுல 2019 ஜூன்ல ஜோர்ஹாட்ல இருந்து மெச்சுக்கா போன ஏஎன்-32ம் மலையில மோதி 13 பேர் போயிட்டாங்க, நீ அதுக்குள்ள டெல்லி பக்கத்துல ஹிண்டன் வந்துட்ட, ஆனா அன்னிக்கு ராத்திரி நீ போன் பண்ணி எதுவும் பேசாம ஒரு நிமிஷம் இருந்துட்டு "வெச்சிடுறேம்பா"ன்ன. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

இதெல்லாம் உன்னை வெளிய வர சொல்றதுக்காக எழுதல. எங்க பயத்துக்காக நீ ஒரு முடிவும் எடுக்காத, அத நானே அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், ரெண்டு நாள் பேசல, இப்போ பேசுறா.

உனக்கு இந்த வேலை எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியும். மொட்டை மாடியில நின்னுட்டு ட்ரெய்னர் விமானம் ரன்வேய தொட்டுட்டு மறுபடி ஏறுறத எண்ணிட்டு இருப்ப, சாப்பிடக் கூப்பிட்டா "இன்னும் ஒண்ணுப்பா இன்னும் ஒண்ணு". மைசூர் செலக்ஷனுக்கு போனப்போ அந்த பைலட் ஆப்டிட்யூட் டெஸ்ட் வாழ்நாள்ல ஒரே ஒரு தடவ தான், தோத்தா திரும்ப உக்கார முடியாதுன்னு நீ சொன்னதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, நீ என்னடான்னா ட்ரெய்ன்ல நல்லா தூங்கிட்டு வந்த. ஹைதராபாத் பக்கத்துல டண்டிகல் அகாடமில நீ ட்ரெய்னிங்ல இருந்தப்போ தான், 2013 ஆகஸ்ட் 20, லடாக்ல தௌலத் பேக் ஓல்டில சி-130ஜே இறங்குச்சு, 16,614 அடி உயரம், அவ்ளோ பெரிய விமானம் அந்த மண் தரையில. அந்த பேப்பர் கட்டிங் இன்னும் பீரோ கதவுல ஒட்டி இருக்கு. அதப் பாத்து "அப்பா எனக்கு இது தான் வேணும்"னு நீ சொன்னப்போ நான் சும்மா தலையாட்டினேன், அஞ்சு வருஷத்துல அந்த விமானத்துக்கு மாறுற கன்வர்ஷன் ட்ரெய்னிங் கிடைச்சு நீ அதே ஸ்குவாட்ரனுக்குப் போவன்னு நினைக்கவே இல்ல. மாஸ்டர் க்ரீன் கார்டு வாங்கினன்னு நீ போன் பண்ண அன்னிக்கு, கருவிய மட்டும் பாத்து ஓட்டுறதுக்கான பெரிய தகுதின்னு நீ சொன்னது சரியா புரியாமலே ரயில்வே டிப்போல எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தேன்.

ஸ்பெஷல் ஆப்ஸ், ரகசிய ஆபரேஷன் வேலைன்னா எங்க போற எப்ப வருவன்னு வீட்டுல சொல்ல முடியாது, நாங்க பழகிட்டோம், மருமக தான் பாவம், பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பிட்டு போனையே பாத்துட்டு இருக்கும். 2023 ஏப்ரல் கடைசியில நாலு நாள் உன் போன் கிடைக்கல. அப்புறம் டிவில வந்துது, சூடான்ல சண்டை நடக்குற கார்த்தூம்ல இருந்து 40 கிலோமீட்டர் தள்ளி வாடி செய்த்னான்னு ஒரு ரன்வே, ராத்திரில நம்ம சி-130ஜே இறங்கி 121 பேர ஏத்திட்டு வந்துச்சாம், ஒரு கர்ப்பிணிப் பொண்ணும் அதுல இருந்துச்சாம். ரன்வேல லைட் இல்ல, நேவிகேஷன் கருவி இல்ல, தரையும் மோசம், பெட்ரோலும் கிடைக்காது, நைட் விஷன் கண்ணாடி போட்டுட்டு, கேமராவுல ரன்வே காலியா இருக்கான்னு பாத்துட்டு இறங்கினாங்களாம், இறங்கினதும் இன்ஜினை ஆஃப் பண்ணாம வெச்சிருக்க, ஏர்போர்ஸோட கருட் கமாண்டோ எட்டு பேர் ஜனங்கள ஏத்தினாங்களாம். நீ அதுல இருந்தியா இல்லையான்னு அன்னிக்கும் கேக்கல இன்னிக்கும் கேக்கல. யாரு ஓட்டினாலும் அந்த 121 பேரும் வீட்டுக்குப் போய் சேந்தாங்கல்ல. அன்னிக்கு ராத்திரி நான் ரொம்ப நேரம் மாடியில நின்னேன், அவ்ளோ பெருமையா இருந்துது.

இப்போ சொல்ல வந்ததுக்கு வர்றேன். போன லீவுல வந்தப்போ பத்து நாளும் நான் பாத்தேன். ராத்திரி மூணு மணிக்கு நீ மாடியில நடந்துட்டு இருந்த, ஒரு நாள் இல்ல, ஏழு நாள் நான் எண்ணினேன். திரும்பிப் பாக்கணும்னா தலையத் திருப்பாம உடம்போட திரும்புற. பாப்பா தோள்ல ஏறினப்போ பல்லக் கடிச்சுட்டு சிரிச்ச. கேட்டதுக்கு "நைட் ப்ளையிங்ல இது சகஜம்பா, நைட் விஷன் கண்ணாடி வெயிட்டு"ன்ன. ஸ்குவாட்ரன் டாக்டர்கிட்ட சொன்னியான்னு கேட்டேன், நீ பேச்ச மாத்திட்ட. எனக்குப் புரிஞ்சுது தம்பி. சொன்னா மெடிக்கல் கேட்டகரில கை வெச்சிடுவாங்க, இந்த நேரத்துல கீழ இறக்கினா பர்மனன்ட் கமிஷனும் கஷ்டம், வெளிய போனா ஏர்லைன்ஸ் மெடிக்கலும் கஷ்டம், அந்தக் கணக்கு. அந்தக் கணக்க நானும் போட்டிருக்கேன்.

இத உன்கிட்ட சொன்னதே இல்ல, அம்மாவுக்கும் முழுசா தெரியாது. நீ பிளஸ் டூ படிச்ச வருஷம், நான் கூட்ஸ் ரயில் ஓட்டிட்டு இருந்தேன். ஆறு மாசமா பகல்ல தூக்கம் வரல. டாக்டர்கிட்ட சொன்னா வண்டி ஓட்டத் தகுதியில்லன்னு டீகேட்டகரைஸ் பண்ணி ஆபீஸ்ல உக்கார வெச்சிடுவாங்க, வண்டி ஓட்டுறதுக்குத் தர்ற ரன்னிங் அலவன்ஸ் போயிடும், உன் காலேஜ் பீஸ் நெருங்குதுன்னு வாய மூடிட்டு ஓட்டினேன். ஒரு நாள் விடியற்காலை நாலு மணி இருக்கும், பின்னாடி 58 வேகன் நிலக்கரி. டபுள் எல்லோ சிக்னல் வந்துது, அசிஸ்டன்ட் அத சத்தமா சொன்னான், நானும் கை நீட்டி திருப்பிச் சொன்னேன். அதுக்கு அடுத்தது சிங்கிள் எல்லோ, அதுக்கப்புறம் ரெட்டு வரும், நிறுத்தத் தயாராகுன்னு அர்த்தம், அத நான் பாக்கவே இல்ல. கண்ணு திறந்து தான் இருந்துது. முழிச்சிருக்கோமான்னு செக் பண்ற பட்டன் ஒண்ணு இருக்கும், நிமிஷத்துக்கு ஒரு தடவ அமுக்கணும், அத அமுக்கிட்டு தான் இருந்தேன், கை பழக்கத்துல தானா அமுக்குது, ஆளு உள்ள தூங்குறான். அசிஸ்டன்ட் எதோ குறிப்பு எழுதிட்டு இருந்தவன் நிமிர்ந்து பாத்து "சார் ரெட்டு ரெட்டு"ன்னு கத்தினான். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். அந்த வெயிட்டுக்கு உடனே நிக்காது, தேச்சுட்டே போகுது, தூரத்துல அந்த ஸ்டேஷன்ல ஒரு பாசஞ்சர் வண்டி நிக்கிறது தெரியுது, ஜன்னல்ல லைட்டு எரியுது. சிக்னலுக்கு முன்னாடி ரெண்டு வேகன் நீளம் இருக்கும்போது நின்னுது. அந்தப் பையனுக்கு அப்போ இருபத்தி நாலு வயசு, கை நடுங்கிட்டு தண்ணி பாட்டில நீட்டினான்.

வண்டிய முடிச்சுக் குடுத்துட்டு நேரா ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். நாலு மாசம் லைன்ல விடல, யார்டுல உக்கார வெச்சாங்க, சம்பளம் குறைஞ்சுது, அம்மா வளையல அடகு வெச்சா, உனக்கு அப்போ "லோன் போட்டேன்"னு சொன்னது அது தான். மாத்திரை குடுத்தாங்க, தூக்கம் திரும்ப வந்துது, திரும்ப வண்டி ஏறினேன், ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஓட்டினேன். அந்த பாசஞ்சர் வண்டி ஜன்னல் லைட்டு மட்டும் சில நாள் கனவுல வரும்.

உன் லைன்லயே ஒரு கதை படிச்சேன், நீயும் படிச்சிருப்ப. 1980 ஏப்ரல்ல தெஹ்ரான் தூதரகத்துல பிடிச்சு வெச்சிருந்த அமெரிக்காக்காரங்கள மீட்க அமெரிக்கப் படை போச்சுல்ல, கடல்ல கப்பல்ல இருந்து எட்டு ஹெலிகாப்டர் கிளம்புது, பாலைவனத்துல நடுராத்திரி சி-130ங்ககிட்ட பெட்ரோல் போட்டுட்டு மேல போறதா திட்டம். ஆறு ஹெலிகாப்டராவது இல்லாம மேல போகக் கூடாதுன்னு முன்னாடியே முடிவு. வழியில தூசி, ரிப்பேரு, நல்லபடியா மிஞ்சினது அஞ்சு. அவ்ளோ தூரம் வந்தாச்சு, நாடே காத்துட்டு இருக்கு, ஆனாலும் நிறுத்துன்னுட்டாங்க. திரும்பக் கிளம்புற நேரம் தூசியில ஒரு ஹெலிகாப்டர் சி-130 மேல மோதி எட்டு பேர் செத்தாங்க, அது தனிக் கொடுமை. பலதரப்பட்ட ஆளுங்கள அவசரத்துக்கு ஒண்ணா சேத்தாங்க, ஒண்ணாப் பழகாதவங்கன்னு அப்புறம் குத்தம் சொன்னாங்க. அதுக்கப்புறம் தான் ராத்திரியிலயே பறந்து பழகுறதுக்குன்னு கென்டக்கில போர்ட் கேம்பல்ல தனிப் படை வந்துது, இப்போ 160ஆவது ரெஜிமென்ட், நைட் ஸ்டாக்கர்ஸ்னு பட்டப்பேரு, சொன்ன நேரத்துக்கு முன்ன பின்ன முப்பது செகண்டுக்குள்ள போய் நிப்போம்னு பேரு வாங்கினவங்க. நைட் ஸ்டாக்கர்ஸ் விட்டுட மாட்டாங்கன்றது அவங்க முழக்கம். நல்ல முழக்கம், அவங்க உயிரக் குடுத்து காப்பாத்தின முழக்கம், நான் மதிக்கிறேன். ஆனா அந்தப் பாலைவனத்துல அஞ்சு தான் இருக்குன்னு தெரிஞ்சதும் நிறுத்துன்னு சொன்னவங்களும் சரியாத் தான் சொன்னாங்கன்னு நான் நினைக்கிறேன். நீ இப்போ அஞ்சு ஹெலிகாப்டர வெச்சுட்டு ஆறு இருக்குன்னு சொல்லிட்டு இருக்க தம்பி. பக்கத்து சீட்டுல ஒரு சின்னப் பையன் உக்காந்திருப்பான், பின்னாடி சரக்கையும் ஆளுங்களையும் ஏத்தி இறக்குற லோட்மாஸ்டர், அதுக்குப் பின்னாடி ஜனங்க. அவங்களுக்கு உன் கழுத்தும் தெரியாது, உன் மூணு மணி மாடியும் தெரியாது.

நீ பர்மனன்ட் கமிஷன் கேளு, இல்ல வெளிய வா, இல்ல தாம்பரத்துக்கே இன்ஸ்ட்ரக்டரா போஸ்டிங் வாங்கிட்டு வா, எதுவா இருந்தாலும் அப்பாவுக்கு சந்தோஷம். அது ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் நடக்குறது. டாக்டர்கிட்ட போறது இந்த வாரம். கேட்டகரி போச்சுன்னா போகட்டும், பணத்துக்கு நாங்க இருக்கோம், வளையல் திரும்ப வந்துடுச்சு, அம்மா கையில தான் இருக்கு.

பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கூரியர்ல அனுப்பியிருக்கு, பாப்பாவுக்கு முறுக்கு தனி டப்பா, மருமககிட்ட சொல்லு டப்பாவ திருப்பி அனுப்ப வேணாம்னு.

போயிட்டு வந்ததும் "போனேன்"னு ஒரு வார்த்தை மெசேஜ் போடு. எங்க இருந்து போடுறன்னு கேக்க மாட்டேன்.

அப்பா