இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பணம் சேர்கிறது, உடற்கல்விப் பாடவேளைக்கு யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜனவரி முடிந்து பெப்ரவரி பிறந்தால் பாடசாலைப் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிகளின் படங்கள் உங்கள் பத்திரிகையின் மலையகச் செய்திப் பக்கங்களில் வரத் தொடங்கிவிடுகின்றன. அணிநடை, பாண்ட் வாத்தியம், சோடித்த இல்லங்கள், கேடயம் வழங்கும் பிரமுகர்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, பசறை என்று எங்கிருந்து படம் வந்தாலும், என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் யாராவது அதில் நிற்கிறார்களா என்று தேடிப் பார்ப்பவள் நான். நுவரெலியா மாவட்டப் பாடசாலைகளில் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவள். அந்த ஒரு நாளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆண்டின் மற்ற நாட்களில் அதே மைதானத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

தரம் 6 முதல் 9 வரை சுகாதாரமும் உடற்கல்வியும் கட்டாயப் பாடம். தரம் 10, 11இல் விரும்பியவர்கள் தெரிவுசெய்யும் பாடம். நேரசூசியில் அதற்கென்று பாடவேளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் அவை எழுத்தாகவே இருந்துவிடுகின்றன. பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கமாட்டார். சமூகக் கல்வி ஆசிரியரோ நடன ஆசிரியரோ பொறுப்பெடுத்திருப்பார். மூன்றாம் தவணையில் கணித ஆசிரியர் வந்து பாடவேளையைக் கேட்பார், அதிபரும் கொடுத்துவிடுவார். கணிதத்தில் சித்தியடையாமல் எத்தனை பிள்ளைகளின் படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுபோகிறது என்பதை அறிந்தவள் என்பதால், அந்த ஆசிரியரிடமோ அதிபரிடமோ எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பறிபோவது இதே பாடமாக இருப்பதை ஏற்க முடியவில்லை.

இதன் விளைவைக் கண்கூடாகப் பார்க்க வேண்டுமானால், தரம் 11இல் இப்பாடத்தை எடுத்த ஒரு மாணவியிடம் வலைப்பந்து மைதானத்தின் அளவைக் கேளுங்கள். நீளம் 30.5 மீற்றர், அகலம் 15.25 மீற்றர் என்று தடங்கலின்றிச் சொல்வாள். மூன்று பகுதிகளையும், எந்த ஆட்டக்காரி எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்பதையும் சொல்வாள். அவள் அப்படியொரு மைதானத்தில் நின்றே இருக்கமாட்டாள். பந்தைக் கையில் பிடித்தால் இரண்டாவது காலை எப்போது தரையில் ஊன்றலாம் என்பது அவளுக்கு வினாத்தாள் விடயம்.

இனி, பணம். நான் இருந்த பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று சொல்கிறேன். இல்லத்துக்கு இல்லம் பிள்ளைகளிடம் வசூல். நகரத்துக் கடைக்காரர்களிடம் ஒரு சுற்று. கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் வெற்றிக் கிண்ணங்களைப் பொறுப்பேற்பார்கள். அரசியல்வாதி ஒருவர் கூடாரத்துக்கும் கதிரைக்கும் சொல்லிவிடுவார். கொழுந்து பறித்து மாதச் சம்பளம் வாங்கும் தாய், பிள்ளை இல்லத்து நிறத்தில் மேற்சட்டை கேட்டதற்காக கடையில் கடன் சொல்லித் துணி எடுப்பாள். இப்படிச் சேரும் பணம் சிறியதல்ல. அது எதற்குப் போகிறது? ஒலிபெருக்கி, கூடாரம், இல்லச் சோடனை, விருந்தினர் மாலை, பொன்னாடை, சிற்றுண்டி, கேடயம். மாலை ஆறு மணிக்கு எல்லாம் கழற்றி ஏற்றப்பட்ட பின் பாடசாலையில் மிஞ்சுவது சுண்ணாம்புக் கோடு மட்டும். அதையும் அடுத்த மழை கழுவிவிடும்.

அந்த நாளைக் குறைத்துப் பேசுவது என் எண்ணமில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் மக்கள் எல்லோரும் வந்து மைதானத்தைச் சுற்றி நிற்கும் நாள் அது. தன் பேரப்பிள்ளை ஓடுவதைப் பார்க்க வந்து கோட்டுக்குள்ளேயே இறங்கிவிடும் பாட்டிமார்களை நான் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்திருக்கிறேன். அந்தப் போட்டி நடக்கட்டும். ஆனால் அதற்காகச் சேரும் ஒவ்வொரு ரூபாயிலும் மூன்றில் ஒரு பங்காவது உடற்கல்விப் பாடவேளைக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. கற்றல் பொருட்கள் வாங்க அரசாங்கம் தரும் தர உள்ளீட்டு நிதியாகப் பாடசாலைக்கு வருவதிலும் இந்தப் பாடத்துக்கு நிச்சயமான ஒரு பங்கு வேண்டும். வெள்ளைத் தாள், மார்க்கர், போட்டோப் பிரதிச் செலவு போக எஞ்சியதைக் கொடுக்கிறோம் என்றால் ஒன்றும் எஞ்சுவதில்லை.

அந்தப் பங்கில் என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: ஐம்பது மீற்றர் நாடா ஒன்று, நிறுத்தற் கடிகாரங்கள், பயிற்சிக் கூம்புகள், ஒரு வகுப்புக்குப் போதுமான கயிறுகள், பந்துகள், காற்றடிக்கும் பம்பி, முதலுதவிப் பெட்டி. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே பந்து என்றால், கெட்டிக்காரர் ஏழெட்டுப் பேர் விளையாடுவார்கள், மற்றவர்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். பத்துப் பந்து இருந்தால் அதே பாடவேளையில் எல்லோரும் எறியவும் பிடிக்கவும் கற்றுவிடுவார்கள். இதற்கு அரங்கம் தேவையில்லை, பந்து போதும்.

அடுத்தது உயரம் பாய்தலுக்கான மெத்தை. எங்கள் பிள்ளைகள் மணல் குழியில் பாய்ந்து பழகுகிறார்கள். மணலில், ஒரு காலுக்குப் பின் மறு காலைத் தடிக்கு மேலாக வீசும் கத்தரி முறையில்தான் பாயலாம், முதுகு முதலில் விழும் முறையை முயன்றால் கழுத்து போய்விடும். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் ஃபொஸ்பரி முதுகுப் பக்கமாகத் தடியைத் தாண்டித் தங்கம் வென்ற பிறகு உலகம் முழுவதும் அந்த முறைக்கு மாறிவிட்டது. எங்கள் பிள்ளை அந்த மெத்தையை முதன்முதலாகப் பார்ப்பது வலய மட்டப் போட்டியன்று. நகரப் பாடசாலைப் பிள்ளைகள் முதுகால் பாய்வதை வரிசையில் நின்று பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த கத்தரிப் பாய்ச்சலோடு போய்த் தடியைத் தட்டிவிட்டு வருகிறாள். மாகாண மட்டப் போட்டிக்கு ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வேன் பிடிக்கும் செலவை ஆசிரியர் தன் சம்பளத்தில் கொடுப்பது இன்றும் நடக்கிறது. அதை எழுத எனக்குக் கசக்கிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். தரம் 6இல் ஆண்பிள்ளைகளை முந்தி ஓடுகிறவர்கள் தரம் 9க்கு வரும்போது மைதானத்துக்கு வருவதில்லை. வெட்கம் என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். நான் கண்ட காரணங்கள் வேறு. உடை மாற்ற ஓர் அறை இல்லை. மாதவிடாய் நாட்களில் தண்ணீரோடு கூடிய கழிப்பறை இல்லை. வெள்ளைப் பாவாடையோடு ஓடச் சொன்னால் எந்தப் பிள்ளை ஓடும்? பாடசாலை விட்டபின் பயிற்சிக்கு நிற்கச் சொன்னால் அவளால் நிற்க முடியாது. அம்மா மாலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு சேர்வதற்குள் அவள் தம்பியைப் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்திலிருந்து அழைத்துவர வேண்டும், மலை நீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டால் தேயிலை மலைக்கு நடுவே தனியாக நடக்க வேண்டும். சிறுத்தை நடமாடும் இடங்கள் அவை. ஆண்பிள்ளைக்குப் பாடசாலை முடிந்தும், தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் கிடைக்கிறது. பெண்பிள்ளைக்குப் பாடசாலை நேரத்துக்குள் வரும் அந்த ஒரு பாடவேளையைத் தவிர வேறு நேரமே இல்லை. அதையும் கணிதத்துக்குக் கொடுத்தால் அவள் உடல் அசைந்து விளையாடும் காலம் பதின்மூன்று வயதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே நான் சொன்ன தனிக் கணக்கில் முதற்செலவு ஒரு கதவும் தாழ்ப்பாளும் உள்ள உடைமாற்றும் இடம். ஒரு வகுப்பறையின் மூலையைத் தகரத்தால் மறைத்தாலே போதும். நான் ஒரு பாடசாலையில் பெற்றோரைக் கொண்டு அப்படிச் செய்வித்தேன். அடுத்த தவணையிலேயே தரம் 9 மாணவிகள் வலைப்பந்துக்கு வரத் தொடங்கினார்கள்.

“தோட்டத்துப் பிள்ளைகள் தினமும் மலை ஏறி இறங்குகிறார்கள், அவர்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?” என்று கேட்கிறவர்கள் உண்டு. படித்தவர்களும் கேட்கிறார்கள். புத்தகப்பையோடு படிக்கட்டு ஏறினால் கால் வலுக்கும். தோள் வலுக்காது, எறியவும் பிடிக்கவும் விழுந்து எழும்பவும் தெரியாது, ஒரு குழுவில் தன் இடமறிந்து நிற்கத் தெரியாது. 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கமும், வாரத்தில் குறைந்தது 3 நாட்கள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. மலை ஏறுவது அதில் ஒரு பகுதி மட்டுமே.

உணவையும் இங்கே பேசாமல் விட முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டத் துறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர். அன்று அளக்கப்பட்ட அந்தக் குழந்தைகள்தான் பிறகு எங்கள் நடுநிலை வகுப்புகளுக்கு வந்தார்கள். வெறும் தேநீரோடு வந்த பிள்ளையை முதலாம் பாடவேளையில் ஓடவிட்டால் மயங்கி விழும். பிற்பகலுக்குத் தள்ளினால் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடியோடு வரும் மழை பாடவேளையைக் கொண்டுபோய்விடும். மூன்றாம், நான்காம் பாடவேளைகளே பொருத்தமானவை, அதற்கு முன் ஒரு கோப்பை இலைக் கஞ்சி. நேரசூசியை மாற்றப் பணம் தேவையில்லை. கஞ்சிக்குத் தேவை.

மைதானத்துக்கு வருகிறேன். தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்றபோது பல இடங்களில் கட்டடமும் அது நின்ற துண்டு நிலமும் மட்டுமே கைமாறின. பிள்ளைகள் விளையாடிய சமதரை தோட்டத்தோடு இருந்துவிட்டது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது, நிலம் இன்னும் அரசாங்கத்துக்குச் சொந்தமானது. நான் கற்பித்த ஒரு பாடசாலையில் சுவீடன் நாட்டு உதவியான சீடாவின் கட்டடம் எழும்பியபோது எஞ்சியிருந்த சமதரையும் அதற்கடியில் போயிற்று. இன்று தோட்ட மைதானத்தைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் அதிபர் கடிதம் எழுதித் தோட்ட முகாமையாளரான துரையின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார். விளையாட்டுப் போட்டிக்கு அந்தக் கையெழுத்து கிடைத்துவிடும். செவ்வாய்க்கிழமை நான்காம் பாடவேளைக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? பாடசாலை நாட்களில் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை தோட்ட மைதானம் அருகிலுள்ள பாடசாலைக்கு உரியது என்று கல்வி அமைச்சும் பெருந்தோட்ட அமைச்சும் கம்பனிகளோடு எழுத்தில் ஓர் உடன்பாடு செய்யலாம். எங்கள் நோர்வூட்டில் 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து பேசிய பெரிய மைதானம் இருக்கிறது. மலைக்கு மேலுள்ள பாடசாலைக்கு அங்கே வந்துபோக ஒரு வகுப்புக்கான பஸ் கட்டணம் வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை பக்கத்திலுள்ள தரை.

சிறிய பாடசாலை ஒவ்வொன்றுக்கும் தனி உடற்கல்வி ஆசிரியர் கேட்பது நடைமுறையில் சரிவராது என்று எனக்குத் தெரியும். அண்டையிலுள்ள மூன்று பாடசாலைகளுக்கு ஒருவரை நியமித்து, நாட்களைப் பங்கிட்டு, பஸ் செலவைக் கொடுங்கள். பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பாடசாலை நேரத்திலும் அழையுங்கள். இவற்றை மாகாணத்தில் யாரிடம் கேட்பது என்பதும் ஒரு சிக்கல். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில், அதன் காலம் 2018இல் முடிந்தது. நாங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த மாகாணக் கல்வி அமைச்சர் என்று ஒருவர் அதற்குப் பின் இல்லை. எனவே ஆளுநர் அவர்களும் மாகாணக் கல்விச் செயலாளரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

10,000 மீற்றர் ஓட்டத்தில் தேசியச் சம்பியனான குமார் சண்முகேஸ்வரனின் பெயரை மேடைகளில் சொல்லாத மலையகத் தலைவர் இல்லை. எங்கள் மண்ணிலிருந்து போன பிள்ளை என்று எனக்கும் பெருமை உண்டு. அவர் வென்றதைக் காட்டி எங்கள் பாடசாலைகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. நான் பேசுவது எந்தப் போட்டியிலும் வெல்லப்போகாத பிள்ளைகளுக்காக. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் முப்பத்தைந்து பேர் அவர்களே.

பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டத்துக்குப் போகும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கணக்கறிக்கை வாசிக்கும்போது எழுந்து மூன்றைக் கேளுங்கள்: உடற்கல்விக்கென்று இந்த ஆண்டு செலவழித்த தொகை எவ்வளவு, விளையாட்டுப் போட்டிக்குச் செலவழித்தது எவ்வளவு, என் பிள்ளையின் வகுப்புக்கு இந்தத் தவணையில் நடந்த உடற்கல்விப் பாடவேளைகள் எத்தனை. பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்தை அதிபர் தயாரிக்கும்போது அந்தக் குறிப்பு அவர் மேசையில் இருக்க வேண்டும். பொருட்களின் பட்டியலும் ஒரு தவணைக்கான பயிற்சித் திட்டமும் எழுதித் தர யாருக்காவது ஆள் தேவையென்றால், நான் வந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
நோர்வூட்.