அழிந்ததாம் கிரேட் வெஸ்டர்ன்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்து ரயில்கள் பற்றிய கட்டுரையில், ‘அகலப் பாதைதான் வேண்டும் என்ற எஞ்சினியர் புரூனெலின் வீம்பால் அழிந்துபோன கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி’ என்று ஒரு வரி. கையிலிருந்த காபி ஆறிப்போனது.

அகலப் பாதை போனது 1892இல். கம்பெனி போனது 1948 ஜனவரி 1 அன்று, நாட்டின் ரயில்களை அரசே எடுத்துக்கொண்டபோது. நடுவில் 55 வருஷத்துக்கு மேல் அது என்ன ஆவியாகவா ஓடியது? 1923இல் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பிசைந்து நான்காக்கியபோது பழைய பெயரோடு தப்பியதும் இது ஒன்றுதான்.

தாங்கள் அறியாததல்ல. புரூனெல் போட்டது தண்டவாளங்களுக்கு இடையே 7 அடி உள்ள பாதை. மற்றவர்களுடையது 4 அடி எட்டரை அங்குலம். வேகத்தில் அகலம் சோடை போகவில்லை. இரண்டு பாதைகளும் சந்தித்த க்ளாஸ்டர் ஸ்டேஷனில் ஒரு வண்டியிலிருந்து இறக்கிய சரக்கையெல்லாம் மறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்ததே, அதுதான் வம்பு. 1846இல், புதுப் பாதைகள் பொதுவாக 4 அடி எட்டரை அங்குலத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சரி, எழும்பூரில் கட்டுரையாளர் ஏறும் வண்டி 5 அடி 6 அங்குலத்தில் ஓடுகிறது. இங்கிலாந்தைவிட அகலம். அது யாருடைய வீம்பு என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள்.

எக்ஸிட்டருக்கு மேற்கே மிச்சமிருந்த அகலப் பாதையை 1892 மே மாதம் ஒரு சனி ஞாயிறில், 4,000 பேருக்கு மேல் இறங்கி மாற்றி முடித்தார்கள். எங்கள் ஊரில் மீட்டர் கேஜை எடுத்தபோது நான் எத்தனை வருஷம் பஸ்ஸில் தொங்கினேன் என்பதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.

முன்பு ஒருமுறை இங்கிலாந்து ஊரான ஸ்விண்டனை ‘ஸ்வீடன்’ என்று அச்சடித்தீர்கள். எழுதினேன், போடவில்லை. புரூனெல் படத்துக்குக் கீழே வேறொரு ரயில் எஞ்சினியரான ஸ்டீபன்சன் பெயரைப் போட்டீர்கள். அந்த நெட்டைத் தொப்பிகூடவா கண்ணில் படவில்லை? அதற்கும் எழுதினேன். இடநெருக்கடி இருந்திருக்கும், பாவம்.

அந்த ஸ்விண்டனில் 11 வருஷம் குடியிருந்தவன் நான். பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்தக் கம்பெனி கட்டிய ரயில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் தொழிற்சாலை என்று சொல்லவே மாட்டார். ‘உள்ளே இருந்தேன்’ என்பார். ஊர் வழக்கே அதுதான். முதலில் ஜெயில் என்று நினைத்துப் பயந்தேன்! 1986இல் அதை மூடிவிட்டார்கள். வேலைக்கு வந்ததற்கு அடையாளமாக மாட்டும் பித்தளை வில்லையை அவர் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். எண் பாதி தேய்ந்திருந்தது. என் உள்ளங்கையில் வைத்தவர், நான் எண்ணைப் படிப்பதற்குள் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்தக் கட்டடங்களில் இப்போது துணிக்கடைகள். அங்கே அவர் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை.

அவரிடம் போய் ‘அழிந்துபோன கம்பெனி’ என்று சொல்லிப் பாருங்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழின் ஏதாவது மூலையில் 1892, 1948 என்ற அந்த இரண்டு ஆண்டுகளையும் போட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அப்புறம், ஸ்விண்டனில் ஒரு ‘ண்’ உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மயிலாடுதுறை.