கொதிக்க வைத்த தண்ணீர் பற்றி, பாப்பாவுக்கு

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நலம், அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஆடி பதினெட்டுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. சரி, வேலை இருந்திருக்கும், அதைக் கேட்க எழுதவில்லை.

ஆர்ஓ மெஷின் ரிப்பேர், போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குட்டிக்குக் கொடுக்கிறோம் என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விட்டால் போதும். ஃபுளோரைடு அப்படிச் சாகிற பொருள் இல்லை பாப்பா. பாறையிலிருந்து கரைந்து வருவது, ஆவி போனாலும் பாத்திரத்திலேயே நிற்கும், தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். நிறத்திலும் தெரியாது, ருசியிலும் தெரியாது. மெக்கானிக் பேனா மாதிரி மீட்டரை முக்கி டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற மொத்த உப்பு, கம்மி என்பான், அது ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. குட்டிக்கு இரண்டு வயது, நாளைக்கு முளைக்கிற பல் இப்போதே ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஃபுளோரைடு கூடினால் பல் கெடுவது இப்போது, கறை தெரிவது ஆறேழு வயதில்.

நம் வீட்டில் முதல் இன்ஜினியர் நீ, போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். மூன்று வாரமாக மெஷினைச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறாயே, கேன் தண்ணீராவது வாங்கக் கூடாதா?

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1994-ல் போர் போட்டு 320 அடியில் தண்ணீர் பீய்ச்சியபோது தெருவுக்கே சர்பத் கொடுத்தேன், உனக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் அம்மா கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுப்பாள். ஏழு வயதில் உன் முன்பல்லில் காவிக் கோடு விழுந்தது. ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை என்று உன்னை அடித்தேன். சாம்பலும் உப்பும் வைத்துத் தேய்க்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன், ஈறில் ரத்தம் வந்தும் விடவில்லை. நீ தேய்த்துக்கொண்டுதான் இருந்தாய், கறை பல்லுக்குள்ளேயே இருந்தது. நீ காலேஜ் போன பிறகு அந்தத் தண்ணீரைச் சோதித்தேன், ஃபுளோரைடு 3-க்கு மேல் வந்தது. அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது, உன்னிடம் காட்டியதில்லை. உன் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் நீ வாய் திறந்து சிரிக்கவில்லை.

குட்டியைக் கூட்டிவர அதனால்தான் யோசிக்கிறாயோ என்னவோ. இப்போது குடிக்கவும் சோறாக்கவும் ஒகேனக்கல் தண்ணீர்தான், போர் தண்ணீர் துவைக்கவும் கழுவவும் மட்டும்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை உங்கள் போர் தண்ணீரிலேயே மூன்று தரம் அலசி, நிரப்பி, மாப்பிள்ளை இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்பு. குடிநீர் வாரிய லேபில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதுவரை அந்தத் தண்ணீரில் சோறுகூட வைக்காதே. கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம் என்று இருந்துவிடாதே பாப்பா.

அப்பா