மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் போதாது

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்பு மகனுக்கு,

மொத்தக் கொலஸ்ட்ரால் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 4.8 என்று வந்திருக்கிறது, ஐந்துக்குக் கீழே இருப்பதால் கவலையில்லை என்று லண்டனிலிருந்து எழுதியிருந்தாய். அந்த ஓர் எண்ணை நம்பி நீ நிம்மதியாக இருப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

4.8 என்பது பல வகைக் கொழுப்புகளின் கூட்டுத்தொகை. அதில் நல்ல கொழுப்பான எச்.டி.எல். 1.4 இருந்தால், தமனியில் படியக்கூடிய மிச்சம் 3.4, எச்.டி.எல். 0.8 மட்டுமே இருந்தால் மிச்சம் 4.0. மொத்தம் ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல. தெற்காசிய வம்சாவளியினர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் எச்.டி.எல். குறைந்தும், இரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு உயர்ந்தும் இருப்பதே அவர்களிடம் அடிக்கடி காணப்படும் அமைப்பு. செவிலியாகப் பணியாற்றிய காலத்தில், மொத்த அளவு சரியாக இருந்தும் மாரடைப்போடு வந்தவர்களை நானே கவனித்திருக்கிறேன்.

இதயநோய் மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான, மாரடைப்பு பற்றிய இன்டர்ஹார்ட் ஆய்வும், கெட்ட கொழுப்பைச் சுமக்கும் புரதத்துக்கும் நல்ல கொழுப்பைச் சுமக்கும் புரதத்துக்கும் உள்ள விகிதத்தையே பெரும் ஆபத்துக் காரணியாகக் கண்டது. முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்கு ஏறத்தாழ 53 வயதிலேயே, மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக வருவதையும் அதே ஆய்வு காட்டியது. மாரடைப்பு வந்தபோது உன் தாய்மாமாவுக்கு அந்த வயதுகூட ஆகியிருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

நம் தீவில் நடந்ததையும் எண்ணிப் பார். 1987-இல் அரசு, பெரும்பாலும் பாமாயிலாக இருந்த ரேஷன் எண்ணெயை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றியது. 1992-இல் மீண்டும் அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் 5.5-லிருந்து 4.7-ஆக இறங்கியிருந்தது. யாரும் மாத்திரை விழுங்காமல், ஒவ்வொரு ஏழை வீட்டுச் சட்டியையும் எட்டிய அந்த முடிவை நான் இன்றும் பெருமையோடு நினைக்கிறேன். வளரும் நாடுகள் பலவும் பின்பற்ற வேண்டிய வழி அது. ஆனால் அதே ஐந்தாண்டுகளில் உடற்பருமன் கூடியது; நீரிழிவும் குறையவில்லை. இன்று இங்கே பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. எண்ணெயை மாற்றியது கெட்ட கொழுப்பைக் குறைத்தது. வெள்ளைச் சோறும் மைதா ரொட்டியும் சர்க்கரை பானமும் செய்யும் கேட்டை அதனால் தடுக்க முடியவில்லை. மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக்கி டிரைகிளிசரைடாக இரத்தத்தில் விடுகிறது. அது ஏற ஏற எச்.டி.எல். இறங்குகிறது.

காவடி நாளில் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிகளை நான் குறை சொல்லவில்லை. அவற்றில் காய்கறியும் பருப்பும்தானே மிகுதி. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு நீ உண்ணும் பொரித்த நூடுல்ஸும் இனிப்பு பானமும்தான் என்னை உறுத்துகின்றன.

எனவே வெறும் வயிற்றில் மறுபடி பரிசோதனை செய்துகொள். எச்.டி.எல். 1.0-க்குக் குறைவாகவோ, டிரைகிளிசரைடு 1.7-க்கு மேலாகவோ இருந்தால், மாமாவின் நோயை மருத்துவரிடம் மறைக்காமல் சொல். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கிறதா என்று நீயே அளந்து பார். அறிக்கை வந்ததும் எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்பிவை.

அன்புடன்,
அம்மா