தாண்டிக்குடிக் காப்பி: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம், அங்கும் நலம்தானே? மருமகனும் நானும் திண்டுக்கல்லில் தொடங்கியிருக்கும் காப்பி வறுக்கும் தொழில் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே தோட்டத்துக் கொட்டையைத் தனியே வறுப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கேள்விக்கு விடை எழுதினால் முதல் கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

நாங்கள் கொட்டை வாங்குவது கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்கு அருகே உள்ள ஒரு சிறு விவசாயியிடம். சில்வர் ஓக்கும் பலாவும் நிழல் தர, மிளகுக்கொடி அவற்றின் மேல் ஏற, இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சும் நிற்க, இத்தனைக்கும் அடியில்தான் அங்கே காப்பிச் செடி வளர்கிறது. நிழல் குறைந்த இடத்தில் அராபிகா வகைக் காப்பிச் செடியைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு எளிதில் தாக்கும் என்பதால், மரங்களை வெட்ட அவர் சம்மதிப்பதே இல்லை. அறுவடைக் காலத்தில் ஒரே கிளையில் பச்சைக் காயும், நிறம் மாறிய காயும், நன்றாகச் சிவந்த பழமும் சேர்ந்தே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் உருவிப் போட்டால் கூலி மிச்சம். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டுமானால் அதே செடிக்குப் பல முறை ஆள் வர வேண்டும். பறித்த அன்றே தோலை நீக்கி, புளிக்க வைத்து, வழவழப்புப் போகக் கழுவி, ஈரப்பதம் 11 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை களத்தில் கிளறிக் கிளறி உலர்த்த வேண்டும். இதில் எங்கே அவசரப்பட்டாலும் குவளையில் தெரிந்துவிடும். முதிராத காயிலிருந்து வந்த கொட்டை, வறுத்த பிறகும் வெளிறிப்போய்த் தனியாகத் தெரிவதோடு துவர்ப்பையும் சேர்க்கும். அதைச் சரிசெய்யும் வறுவல் எதுவும் கிடையாது. நல்ல காப்பியில் பாதிக்கு மேற்பட்ட வேலை எங்கள் இயந்திரத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே தோட்டத்தில் முடிந்துவிடுகிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் இளமைக் காலத்தில் இப்படி ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் காப்பி வாங்க வழியே இருக்கவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காப்பி வாரியத்திடம்தான் விவசாயி தன் விளைச்சலை ஒப்படைக்க வேண்டியிருந்தது. பல தோட்டத்துக் கொட்டைகள் தரவாரியாக ஒன்று சேர்க்கப்பட்டு ஏலத்துக்குப் போயின. விவசாயிக்குப் பணம் தவணை தவணையாக வந்தது. விலை சரிந்த ஆண்டுகளில் அந்த ஏற்பாடு சிறு விவசாயிக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பழுத்த பழத்தை மட்டும் பறித்தவரின் கொட்டையும் கண்டபடி உருவியவரின் கொட்டையும் ஒரே குவியலில் கலந்தபோது, கூடுதல் அக்கறைக்குத் தனி விலை கிடைக்கவில்லை. 1990களில் படிப்படியாகக் கட்டுப்பாடு தளர்ந்து, 1996க்குள் எல்லா விவசாயிகளுக்கும் விற்பனையில் முழுச் சுதந்திரம் கிடைத்த பிறகுதான் ஒரு சிறு தோட்டத்தின் கொட்டை அதன் பெயரோடு வாங்குபவரிடம் வந்து சேர முடிந்தது. எனவே வெறும் மாவட்டப் பெயரைப் பொட்டலத்தில் அச்சிட்டு விற்பது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. தோட்டம் எது, அந்த ஆண்டுப் பழம் எங்கே உலர்ந்தது என்று சொல்ல முடிய வேண்டும்.

இனி வறுவல். எங்கள் உருளையில் ஒரு கிலோ கொட்டை கொள்ளும். முதலில் பச்சைப் புல் வாசனை வரும். ஈரம் வெளியேற வெளியேறக் கொட்டை மஞ்சளாகி, அரிசியை வறுக்கும்போது எழுவது போன்ற மணம் எழும். வெள்ளித் தோல் உரிந்து பறக்கும். சுமார் 196 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கொட்டை படபடவென்று வெடிக்கும். அதன் பிறகு ஒவ்வொரு விநாடியும் கணக்கு. 225 டிகிரியை ஒட்டி இரண்டாவது வெடிப்பு வந்து, மேற்பரப்பில் எண்ணெய் மினுங்கத் தொடங்கிவிட்டால், தாண்டிக்குடிக் கொட்டையா கர்நாடகத்துச் சிக்மகளூர்க் கொட்டையா என்ற வேறுபாடு கருகல் சுவைக்குள் மறைந்துபோகும். எனவே அதற்கு வெகு முன்பே கொட்டி ஆற வைத்துவிடுகிறோம். பீபெரியை இங்கே எல்லோரும் விரும்பிக் கேட்கிறார்கள். பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே விளைந்து உருண்டையாக இருப்பதால், அது உருளையில் நன்றாகப் புரண்டு ஒரே சீராக வறுபடுகிறது. ஆனால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது; அதை மட்டும் வாங்கி மற்றதை விட்டுவந்தால் விவசாயிக்கு நட்டம் என்பதால், தோட்டத்துக் கொட்டை முழுவதையும் எடுத்துக்கொள்கிறோம்.

சிக்கரி எங்கள் கடையில் இல்லை. நூற்றுக்கு 49 பங்குவரை கலக்கச் சட்டம் இடம் தருகிறது. கள்ளிச்சொட்டுப் போன்ற கெட்டியான டிகாக்ஷனுக்குப் பழகிய நாக்கு அதைத் தேடுவதும் இயல்புதான். இருந்தாலும் இவ்வளவு பாடுபட்டு விளைந்த கொட்டையின் மீது அதைப் போர்த்த எனக்கு மனம் வரவில்லை. வாடிக்கையாளர் மெல்லத்தான் சேர்கிறார்கள். கொட்டைக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுப்பதால் எங்களுக்குக் கிடைப்பது குறைவே. அந்தத் தொகை பறிக்கும் ஆட்களின் கூலிக்குப் போகிறது என்பதால் அதைக் குறைக்க நான் விரும்பவில்லை.

இத்துடன் கால் கிலோ பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்; வறுத்த தேதி அதன் மேல் இருக்கிறது. உள்ளிருக்கும் வாயு அடங்க ஒரு வாரம் விட்டுப் பிரியுங்கள். இளவறுவல் கொட்டையில் சாறு மெதுவாகத்தான் இறங்கும். எனவே வழக்கத்தைவிடச் சற்று நைசாக அரைத்து, கொதி அடங்கிய உடனே வெந்நீரை ஃபில்டரில் ஊற்றுங்கள். முதல் வாய் மட்டும் பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள். பிறகு உங்கள் வழக்கப்படி பால் சேர்த்துக்கொள்ளலாம், பாலோடும் அது நன்றாகவே இருக்கும். சிக்கரி இல்லாத டிகாக்ஷனைப் பற்றித் தங்கள் துணைவியார் என்ன சொன்னார் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அறுவடை தொடங்கும்போது கார்த்திகையில் மலைக்குப் போகிறோம்; உங்களுக்கு வசதிப்பட்டால் முன்கூட்டியே தெரிவியுங்கள், சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்