இரண்டாம் தவணையும் மரைக்குட்டி விஷயமும்

அன்பான பெற்றோர்மாருக்கு வணக்கம்,

இரண்டாம் தவணை நல்லபடியா முடிஞ்சிருக்கு. புலமைப்பரிசில் வகுப்பு, விளையாட்டுப் போட்டி, சிரமதானம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு, உழைச்ச எல்லாருக்கும் நன்றி. ரிப்போர்ட்ட வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க.

இனி அந்த மரைக்குட்டி (மரைனா பெரிய மான் வகை) கதைக்கு வாறேன்.

கிரவுண்டுக்கு மேல, தேயிலை முடிஞ்சு மானாப்புல்லு தொடங்குற எடத்துல மரை ஒன்னு குட்டி போட்டிருந்தத தரம் 8 பிள்ளைங்க தான் முதல்ல கண்டாங்க. விஞ்ஞான டீச்சர் வேலிக்கு இந்தப் பக்கமே நிக்க வச்சு கொப்பில எழுதச் சொன்னாங்க. பகல் முழுக்க குட்டி தனியா சுருண்டு கெடக்கு, காது மட்டும் ஆடுது, பொழுது சாயக்குள்ள தாய் வந்து பால் குடுக்குது. கூடவே நின்னா சிறுத்தைக்கு எடம் தெரிஞ்சிடும், அதான் தள்ளி நிக்குது. அதே கெழமை கடல்நாய் வீடியோ ஒன்னும் போட்டாங்க, அதுவும் குட்டிய கரையில விட்டுட்டு இரை தேடப் போயிட்டு வந்து தான் பால் குடுக்குமாம், அதுக்குள்ள சனம் பாவம்னு தூக்கிட்டுப் போயிடுதாம். பிள்ளைங்க சிரிச்சாங்க. அடுத்த நாளே நம்ம பெரியவங்க அதையே செஞ்சிட்டீங்க.

பிள்ளைய கூட்டிட்டுப் போக வந்தவங்க போனத் தூக்கிட்டு வேலி தாண்டி, பின்னால தோட்டத்து நாயும் போயி, பாணும் பிஸ்கட்டும் போட்டு, கடைசில ஒருத்தர் குட்டிய சாக்குல சுத்தி தோட்டத்து லய வீட்டுக்கே கொண்டு போயி மாட்டுப்பால் பருக்கிட்டார். தாய் காட்டோரமா நின்னு கால உதைச்சு கத்துனத ஆபிஸ்ல இருந்தே கேட்டோம்.

பேர் சொல்ல மாட்டேன். ஆனா நேரா சொல்லிடுறேன், காட்டு மிருகத்த புடிச்சு வீட்டுல வைக்கிறது குத்தம், அதுக்கான விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937லயே வந்தது. கேஸ் வந்தா பாடசாலைக் கடிதம் கேட்டு என்கிட்ட வரவேணாம். இனிமே 1.30க்கு கேட்டோட நில்லுங்க, ஹோர்ன் வேணாம், நாய கூட்டிட்டு வரவும் வேணாம். அடிபட்ட மிருகத்த கண்டா வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992க்கு எடுங்க.

கெட்ட எண்ணத்துல யாரும் செய்யலனு எனக்கும் தெரியும், பால் குடுத்த கை அது. அன்னைக்கு பின்நேரமே குட்டிய அதே புல்லுல கொண்டு வந்து வச்ச அம்மாவுக்கு பெரிய நன்றி. நாங்க லைட்ட அணைச்சிட்டு ஆபிஸ்லயே இருந்தோம், ஆறரை போல தாய் மோந்துகிட்டே எறங்கி வந்துச்சு.

அதிபர்